20 சதவீதத்தில் அணையும் போன்

போன் பேட்டரியைப் பராமரிப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், பேட்டரியைப் பூஜ்யம் வரை இறக்கிவிட்டுத்தான் தினமும் சார்ஜ் போட வேண்டும் என்று இருக்கிறது. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு எப்போதாவது அப்படி இறக்குவது சரி. இப்போதைய லித்தியம் அயனுக்கு அது கெடுதல்தான்.

திரையில் தெரியும் சதவீதம் தொட்டியில் குச்சி விட்டுப் பார்க்கிற அளவு இல்லை. உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தை ஒரு சின்ன சிப் கூட்டிக் கழித்து, வோல்டேஜையும் பார்த்துப் போடும் கணக்கு. என் நாலு வருடப் போன் 20 காட்டிக்கொண்டே பொசுக்கென்று அணைந்துவிடும், அதுவும் கேமராவைத் திறந்தால். பேட்டரி பழசாக ஆக அதன் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்குப் பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை, ஏறுகிறது. திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் வோல்டேஜ் சரிந்து போன் தானே அணைகிறது. கணக்கு மட்டும் பிசகியிருந்தால், எப்போதாவது ஒருமுறை முழுக்க இறக்கி 100 வரை நிறுத்தாமல் ஏற்றினால் சரியாகும். எனக்கு ஆகவில்லை, பேட்டரியையே மாற்றினேன்.

அப்புறம், பேட்டரியைக் கெடுக்கும் சூட்டைப் பற்றி ஒரே வரியோடு விட்டுவிட்டீர்களே! பைக் ஹேண்டிலில் மேப் ஓட, உச்சி வெயிலில், சார்ஜும் ஏறிக்கொண்டு போகிறதைப் பார்த்தாலே எனக்குப் பதறுகிறது. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் போட்டுவையுங்கள். ஐபோன் 15 முதல் அதிலும் உண்டு.