சுரங்கம் இருந்தா கப்பல் வேண்டாமா?
ஜப்பானோட பெரிய தீவையும் வடக்குத் தீவான ஹொக்கைடோவையும் கடலுக்கு அடியில இணைக்கற செய்கான் சுரங்கம் இருக்கும்போது, ஹொக்கைடோவுக்கு இத்தனை கார் ஃபெர்ரி (வண்டிகளையும் ஏத்திட்டுப் போற கப்பல்) எதுக்குன்னு கட்டுரைல கேட்டிருக்கீங்க. சுரங்கம் 1988ல திறந்தாங்க சரி, ஆனா அதுல ரயில் மட்டும்தான் போகும், கார், லாரி எதையும் ஓட்டிட்டுப் போக வழியே கிடையாது, அதனால வண்டியோட போறவங்களுக்கு கப்பல்தான் கதி. பெரிய தீவுல இருக்கற மாய்ஸுரு துறைமுகத்துல இருந்து ஹொக்கைடோவோட ஒட்டாருவுக்கு சுமார் 21 மணி நேரம், பெரிய தீவோட நகோயாவுல கிளம்பி செண்டாய் வழியா ஹொக்கைடோவோட தொமாகொமாய் போறது ரெண்டு ராத்திரி, சுமார் 40 மணி நேரம் ஆகும்.

இதுல முக்கியமானது சரக்குங்க. டிரெய்லரை மட்டும் கப்பல்ல ஏத்திட்டு டிரைவர் முன்பக்க வண்டிய கழட்டிட்டுப் போயிடுவார், அந்தப் பக்கம் இன்னொருத்தர் வந்து மாட்டி இழுத்துட்டுப் போவார். 2024 ஏப்ரல்ல இருந்து லாரி டிரைவர் ஓவர்டைம் வருஷத்துக்கு 960 மணி நேரம்தான்னு சட்டம் வந்தாச்சு, அப்புறம் இந்த முறையோட மதிப்பு இன்னும் கூடிடுச்சு. ஜப்பான்ல விளையற உருளைக்கிழங்குல பெரும்பங்கு அந்தத் தீவுலதான், அதெல்லாம் தெக்க வரணும்ல?

நானும் ஒருதடவ ஒட்டாரு கப்பல்ல போயிருக்கேன். நடுக்கடல்ல சிக்னல் சுத்தமா போயிடும், சுடுதண்ணி தொட்டில உக்காந்து கடலையே பாத்துட்டிருந்தேன், அந்த நிம்மதி விமானத்துல வராதுங்க. தயவுசெஞ்சு இந்த ரூட்டெல்லாம் வேஸ்ட்னு எழுதாதீங்க.