அட்டைப்படம் போட்டாச்சு சரி, எழுத்து எங்கே?

புத்தகம் வந்ததும் நம் எழுத்தாளர்கள் இன்ஸ்டாகிராமில் போடுவது அட்டைப்படம். அடியில் “வாங்கி ஆதரவு தாருங்கள்”. அதற்கும் கீழே ரெண்டு வரி நீளத்துக்கு ஒரு லிங்க். அந்த லிங்கை எத்தனை தடவை தட்டினாலும் ஒன்றும் நடக்காதுங்க! சாதாரணக் கணக்குக்கு, படத்தோடு எழுதும் கேப்ஷனில் ஒட்டும் லிங்க் வெறும் எழுத்துதான், தொட்டால் திறக்காது. இவ்வளவு வருஷம் கழித்தும் இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் “யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க” என்று புலம்பினால் கோபம் வராதா?

“லிங்க் பயோவில்” என்று எழுதுகிறவர்கள் கதை இன்னும் மோசம். பயோவுக்கு, அதாவது அவர் பக்கத்தின் மேலே இருக்கும் அறிமுகத்துக்குப் போனால், போன புத்தகத்தின் லிங்க் இருக்கும், இல்லையென்றால் செத்துப்போன பக்கம். 2023இலிருந்து பயோவில் 5 லிங்க் வைக்கலாம். ஆனால் முதலில் இருப்பதுதான் வெளியே தெரியும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். புதுப் புத்தகத்தை முதலில் வைக்க ஒரு நிமிஷம் ஆகுமா? ஸ்டோரியில், தட்டினால் திறக்கும் லிங்க் ஸ்டிக்கர் 2021 அக்டோபரிலிருந்து எல்லோருக்கும் உண்டு. அதைக் கொண்டுபோய்த் திரையின் அடிவிளிம்பில் ஒட்டுகிறார்கள். அங்கே பதில் எழுதும் பெட்டி வரும், விரல் அதில்தான் படும். 1080க்கு 1920 ஸ்டோரியில் மேலேயும் கீழேயும் 250 பிக்சலாவது காலியாக விடுங்கள். 24 மணி நேரத்தில் ஸ்டோரி போய்விடும், அதை உங்கள் பக்கத்தில் நிலையாக நிற்கும் ஹைலைட்டில் சேர்த்து வையுங்கள்.

இதெல்லாம் சின்ன எரிச்சல். வயிறு எரிவது வேறொன்றுக்கு. ஒரு பதிவில் 20 படம் வரை வைக்கலாம். கேப்ஷனுக்கு 2,200 எழுத்து இடம் இருக்கிறது. இவ்வளவு இடத்தையும் வைத்துக்கொண்டு, புத்தகத்திலிருந்து ஒரு பத்தி காட்ட மாட்டேன் என்கிறார்களே! திங்கட்கிழமை அட்டைப்படம், செவ்வாய்க்கிழமை அதே அட்டைப்படம் காபிக் கோப்பையோடு, புதன்கிழமை பூவோடு. இவர் எப்படி எழுதுவார் என்று தெரியாமல் எதை நம்பி வாங்குவது? பாடகர் பாடிக் காட்டுகிறார், ஓவியர் படத்தைக் காட்டுகிறார். எழுதுகிறவர் மட்டும் ஏன் எழுத்தை ஒளித்து வைக்க வேண்டும்?

காட்டுகிற ஒன்றிரண்டு பேரும் பக்கத்தை அப்படியே ஃபோட்டோ எடுத்துப் போடுகிறார்கள். ஒரு பக்கத்தில் முப்பது வரி. அகலம் 1080 பிக்சலாகச் சுருங்கி, படமும் அழுத்தப்பட்டு, புள்ளி எங்கே, சுழி எங்கே என்றே தெரியாது. யார் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படிப்பார்கள்? நல்ல பத்தி ஒன்றை எடுங்கள். 1080க்கு 1350 அளவில் வெளிர் பின்னணி, கறுப்பு எழுத்து, படத்துக்கு ஐந்தாறு வரி. முதல் படத்தில் புத்தகத்தின் கூர்மையான வாக்கியம் ஒன்று மட்டும். பத்தியைப் பாதியில் வெட்டி அடுத்த படத்துக்குக் கொண்டுபோங்கள், தள்ளிப் பார்ப்பார்கள். அட்டை கடைசிப் படமாக வந்தால் போதும். அதையும் சதுரமாக வெட்டி உங்கள் பெயரையே அறுத்துவிடாதீர்கள். பின்னணி மேல் முழுசாக வையுங்கள்.

கேப்ஷனில் முதல் வரி ஒன்றோ இரண்டோதான் மூடாமல் தெரியும். அந்த இடத்தில் போய் “அனைவருக்கும் வணக்கம், உங்கள் அன்போடும் ஆசியோடும்” என்றா ஆரம்பிப்பது? கதையின் முதல் வாக்கியத்தை அங்கே போடுங்கள். தமிழில் புள்ளி, கொம்பு, காலெல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்கில் ஏறும், அதனால் பயோவின் 150 எழுத்து சீக்கிரம் தீர்ந்துவிடும். “கனவுகளின் காதலன்” எதற்கு? என்ன எழுதுகிறீர்கள், எங்கே கிடைக்கும், இவ்வளவு போதும்.

ஃபாலோ பண்ணினால் ஃபாலோ பண்ணுகிறேன் என்று எழுத்தாளர்களே ஒருவரையொருவர் சேர்த்துக்கொள்கிறார்களே, அது தனக்குத்தானே குழி வெட்டுவது. பதிவு அந்தக் கூட்டத்தின் கண்ணில்தான் முதலில் படுகிறது, அவர்கள் படிக்காமல் தள்ளிவிடுகிறார்கள், அதற்குமேல் அது அதிகம் பேரிடம் போவதில்லை. ஒரு வாசகர் தன் தோழிக்கு அனுப்பினால் பதிவு வெளியாட்களிடம் போகும் வாய்ப்பு கூடும். அட்டைப்படத்தை யாரும் அனுப்ப மாட்டார்கள். மனசில் தைத்த நாலு வரியை அனுப்புவார்கள்.

தயவுசெய்து, சம்பந்தமே இல்லாத இருபது பேரைப் படத்தில் டேக் செய்வதை நிறுத்துங்கள். அவர்கள் புத்தகத்தை வாங்குவதில்லை, உங்கள் பதிவே கண்ணில் படாதபடி உங்களை மியூட் செய்கிறார்கள்.