கபாலி நம்ம கதைன்னு இனிமே என்கிட்ட சொல்லாதீங்க

நேற்று காலை இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பசியாறப் போன இடத்தில் பேச்சு எப்படியோ ரஜினியின் கபாலி படத்துக்குப் போய்விட்டது. படம் வந்து இத்தனை வருசமாகியும் இந்த ஊரில் அது ஓயவில்லை. ரொட்டி சானாய் மேசைக்கு வருவதற்குள் யாராவது ஒருத்தர் காலரை இழுத்துவிட்டு, படத்தில் ரஜினி சொல்கிற மாதிரி "மகிழ்ச்சி" என்பார். "என்ன இருந்தாலும் தோட்டத்துக்காரன் கதைய உலகத்துக்கே காட்டுன படம்ல, தம்பி" என்றார் எதிரே இருந்த அண்ணன். இல்லண்ணே என்றேன். அவ்வளவுதான், தே தாரிக் ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் திட்டு வாங்கினேன். அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன். திட்டுவதென்றால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என் குற்றத்தை முதலில் ஒத்துக்கொள்கிறேன். 2016 ஜூலை 22, முதல் நாள், ஈப்போவில் விசிலடித்தவர்களில் நானும் ஒருவன். வேலைக்கு எம்.சி. (மருத்துவ விடுப்பு) போட்டுவிட்டுப் போனேன். ரஜினி கோட்டு போடுவதற்கு இயக்குநர் பா. இரஞ்சித் வைத்த காரணம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். மனைவியைத் தேடிப் போகும் பகுதியைத் தனியாக எடுத்துப் போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன்.

ஆனால் தோட்டம்? பழைய கதை சொல்லும்போது கொஞ்ச நேரம் வருகிறது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தை எங்களுக்கும் கொடு என்று இளவயசுக் கபாலி கேட்கிறார். பிறகு படம் பட்டணத்துக்குப் போய்விடுகிறது. துப்பாக்கி, எண் வைத்த கும்பல், காடி (கார்) மேல் காடி.

அந்தச் சம்பளக் கோரிக்கை சினிமாவுக்காக யோசித்ததில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிஜமாகவே வேலைநிறுத்தம் நடந்தது. சீனர்களுக்குச் சமமான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். இன்னொன்றும் கேட்டார்கள், அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். சைக்கிள்! மூச்சைப் பிடித்து மேட்டில் மிதித்துக்கொண்டு வருகிறான், எதிரே துரை வருகிறார், இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். இனி இறங்க மாட்டோம் என்றார்கள். ராணுவம் வந்தது, சுட்டது, ஆட்கள் செத்தார்கள். முன்னால் நின்ற ஆர்.எச். நாதன் ஒரு பத்திரிகைக்காரர். அவரைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

பெரட்டுக் களத்தில், அதாவது விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நின்ற ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து கேட்டதை ஒரு ஆள் வாயில் வைத்தால் அது ரஜினி படம். ரஜினி படமென்றே சொல்வோமே, அதில் என்ன கேவலம்? நம்ம கதை என்றுதான் சொல்லாதீர்கள்.

(2007-இல் வந்த பில்லாவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதையும் மலேசியாவில்தான் எடுத்தார்கள், பத்துமலையில் பாட்டே இருக்கிறது. விருந்தாளி எடுத்த போட்டோவில் வீட்டுக்காரன் இல்லையென்று கோபித்துக்கொள்ள முடியுமா?)

"அப்ப பரதேசியாவது நம்ம கதைன்னு ஒத்துக்குவியா?" என்று கேட்டார் அண்ணன். அதற்கு நான் சொன்ன பதிலில்தான் பக்கத்து மேசையும் சண்டைக்கு வந்தது.

பாலா எடுத்த அந்தப் படத்தின் சீடியை 2013-இல் பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) வாங்கி வந்து பாட்டியோடு உட்கார்ந்து பார்த்தேன். பாட்டி முப்பத்தைந்து வருசம் பால் மரம் வெட்டியவர். படத்தில் வருவது தேயிலை, நம்மது கித்தா (ரப்பர்). ஆனாலும் கங்காணி, துரை, தீராத கடன் எல்லாம் ஒன்றுதானே, அழுதுவிடுவார் என்று பயந்து ஒரு துண்டைக் கூடப் பக்கத்தில் வைத்திருந்தேன். கடைசியில் அதர்வா கதறிக் கதறி அழுகிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "இம்புட்டு நேரம் அழுதா பால் கட்டிப் போயிராதாய்யா?"

வேலை தெரிந்தவர் வாயில் வருகிற விமர்சனம் அது. இருட்டு விலகுவதற்கு முன்பே மர நிரையில் நிற்க வேண்டும், குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். பட்டையை நூல் பிடித்த மாதிரி சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அதற்கு ஒரு ஏச்சு. அத்தனை மரத்தையும் வெட்டி முடித்துத் திரும்ப வந்து பால் வடிந்த கோப்பைகளை மங்கு மங்காக வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் (தோளில் வைத்துச் சுமக்கும் கம்பில்) தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஓட வேண்டும். நடுவில் மழை பெய்தால் எல்லாம் போச்சு. இதற்குள் யார் உட்கார்ந்து அழுவது?

"அதுக்காகக் கஷ்டமே இல்லைங்கிறியா பாட்டி?" என்றேன்.

"கஷ்டம் இல்லாமலா? அதுக்காகப் பொழுதன்னிக்கும் ஒப்பாரி வெச்சுக்கிட்டா இருந்தோம்? இந்தப் பொம்பளைங்க ஒருத்திய ஒருத்தி கேலி கூட பண்ணிக்க மாட்டேங்கிறாளுகளே."

அவர்கள் தோட்டத்துத் தண்டல் (மேற்பார்வையாளர்) ஒருவருக்கு 'ஒட்டுப்பால்' என்று பட்டப்பெயராம். மரத்தில் ஒட்டிக் காய்ந்த பால் மாதிரி, ஆளைப் பிடித்தால் விடமாட்டார். அவர் தலை தெரிந்தால் முதல் நிரையில் ஒருத்தி இருமுவாளாம், அது கடைசி நிரை வரைக்கும் இருமலாகவே போகுமாம். பாலா திறமையானவர்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த இருமல் இல்லாத தோட்டத்தை எங்கள் பாட்டிக்கு அடையாளம் தெரியவில்லை. ஒருத்தர் நமக்குக் கோட்டு மாட்டுகிறார், இன்னொருத்தர் நம்மை அழ வைக்கிறார். அந்த மங்குக் கோப்பையை ஒழுங்காகக் கையில் எடுத்துக் காட்ட ஒருத்தருக்கும் பொறுமையில்லை.

இனி வருவதற்குத்தான் உண்மையிலேயே அடி விழும். நம்ம ஆள் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ஜகாட் படம் 2015 டிசம்பரில் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியே தள்ளப்பட்ட குடும்பம், புறம்போக்கு வீடு, படி படி என்று அடிக்கிற அப்பா, கும்பலில் ஒரு சித்தப்பா. 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமென்று பரிசு வாங்கியபோது என் முகநூல் முழுக்க வாழ்த்துதான். வாழ்த்திய அண்ணன்மாரே, படம் ஓடியபோது எங்கே இருந்தீர்கள்? நான் போன காட்சியில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர். கபாலிக்கு எம்.சி. போட்ட ஊர் இதற்கு அரைநாள் லீவு போடவில்லை. அந்தப் படத்திலும் குறை உண்டு. எனக்கு அதன் இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை. குறை சொல்வதற்காகவாவது பார்த்திருக்கலாம்.

கபாலியில் யாருக்கும் பிடிக்காத ஒன்று எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஓடிய படம் துப்பாக்கிச் சத்தத்தோடு முடியும். இங்கே கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டு முடித்தார்கள். அரங்கமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) கும்பல் என்று திரிந்த பையன்கள் இரண்டு பேருடைய கதை அப்படித்தான் முடிந்தது. பின்னணி இசையெல்லாம் இல்லை, பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி.

பாட்டிக்கும் கபாலியை டிவியில் போட்டுக் காட்டினேன். அவருக்கு எந்தப் படத்தின் முடிவும் தெரியாது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டி எம்.ஜி.ஆர். படம் போட்ட காலத்தில், விடியுமுன் பெரட்டுக்கு எழுந்திருக்க வேண்டுமே என்று பாதியிலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாராம். அந்தப் பழக்கம் போகவில்லை, கபாலியிலும் பாதியில் தூங்கிவிட்டார். காலையில் வரக்கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தக் கோட்டுக்காரரு கடைசில என்ன ஆனாரு?"

"போலீஸ்ல சரணடைஞ்சிட்டாரு பாட்டி."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஜாமீனுக்கு யாருய்யா போனா?"