முதல் தடவை தியேட்டரில், இரண்டாம் தடவை வீட்டில்

சினிமா கற்க ஓடிடி மட்டுமே போதும், தியேட்டர் தேவையில்லை என்று ஒரு கட்டுரை வாதிடுகிறது. அது பாதிதான் சரி. எடிட்டிங் படிக்க வீடுதான் வசதி. கணினியில் விஎல்சி என்கிற வீடியோ பிளேயரில் படத்தை நிறுத்தி ஆங்கில 'E' விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப்படமாக நகரும். நடிகரின் பார்வை திரும்பி எத்தனையாவது ஃபிரேமில் கட் விழுகிறது என்று எண்ணிவிடலாம். டிவி என்றால் முதலில் அதன் செட்டிங்கில் மோஷன் ஸ்மூத்திங் என்கிற வசதியை அணையுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் உள்ள படத்தில் அது இல்லாத ஃபிரேம்களைச் செருகி, சீரியல் மாதிரி ஆக்கிவிடும்.

ஒலிதான் பெரிய சிக்கல். 5.1 மிக்ஸில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் பிரித்துக் கலந்த ஒலியில், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் தனியாக வரும். டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குள் எல்லாவற்றையும் அடைத்தால் இசை வசனத்தின் மேல் ஏறிக்கொள்ளும். அதைக் கேட்டுவிட்டு மிக்ஸிங் மோசம் என்பது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஷாட் அளவும் அப்படியே. எடிட்டர் வால்டர் மர்ச், தியேட்டர் திரையின் பிரம்மாண்டம் மறந்துவிடாதிருக்க, தன் எடிட்டிங் திரையோரம் சின்னக் காகித மனித உருவங்களை வைத்து வேலை செய்தவர். லேப்டாப்பிலேயே பார்த்துப் பழகினால் தேவைக்கு மேல் குளோசப் வைக்கத் தோன்றும். பெரிய திரையில், இடுப்புக்கு மேல் காட்டும் மிட் ஷாட்டிலேயே கண்ணசைவு தெரியும். வெட்டாமல் இன்னும் சில நொடி விடலாம். டிக்கெட் எடுக்கும்போது திரையிலிருந்து அரங்கின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடு இருக்கையாகப் பாருங்கள்.