காரணம் இல்லை என்றால் கண்டதெல்லாம் காரணமா?

ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரி மண்டபத்தில் மேடைப் பேச்சாளர் ஒருவரை நான் எழுந்து மறுத்தபோது நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நான் மைக்கைப் பிடுங்கவில்லை. என் கையிலிருந்துதான் பிடுங்கினார்கள். அது போகட்டும்.

அவர் சொன்னது இதுதான்: குவாண்டம் இயற்பியலில், அதாவது அணு, அதனினும் சிறிய துகள்களைப் பற்றிய இயற்பியலில், காரணம், காரியம் எதுவும் கிடையாதாம். அதனால் நம் எண்ணம்தான் நோயை வரவழைக்கிறதாம். முதல் வரி பாதி உண்மை. இரண்டாவது வரியை எந்தக் கடையில் வாங்கினாரோ! காரணமே இல்லை என்று சொன்ன வாய் அடுத்த மூச்சிலேயே எண்ணம்தான் காரணம் என்கிறது. மண்டபமும் கைதட்டுகிறது.

கதிர்வீச்சை வெளியிட்டுச் சிதையும் கோபால்ட்-60 என்ற உலோகத்தின் ஒரு அணு இந்த நொடியில் ஏன் சிதைந்தது, பக்கத்து அணு ஏன் சிதையவில்லை? வழக்கமான குவாண்டம் கொள்கையில் இதற்குப் பதில் இல்லை, நிகழ்தகவுதான் உண்டு. ஐன்ஸ்டீனுக்கே இது தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் கோடிக்கணக்கான அணுக்களைச் சேர்த்து வையுங்கள், 5.27 ஆண்டில் பாதி போயிருக்கும். நீங்கள் நல்லதை நினைத்தாலும் கெட்டதை நினைத்தாலும் அது மாறாது.

இது நான் பாடத்தில் மட்டும் படித்ததில்லை. 1997-இல் அம்மாவை கேன்சருக்கான கோபால்ட் கதிர்வீச்சு சிகிச்சைக்குக் காட்பாடியிலிருந்து ஐந்து வாரம் டவுன் பஸ்ஸில் அழைத்துப் போனேன். மெஷின் அறை வாசலில் ஒரு அட்டை தொங்கும். மாதம் பிறந்ததும் அதில் கதிர்வீச்சின் அளவைக் காட்டும் எண்ணை மாற்றி எழுதினார்கள். ஏன் என்று கேட்டேன். "மெஷினுக்குள்ள இருக்கிற கோபால்ட் சோர்ஸ் மாசத்துக்கு ஒரு சதவீதம் போலக் குறையும் சார், அதான் நேரத்தைக் கொஞ்சம் கூட்டுறோம்" என்றார் டெக்னீஷியன். எந்த அணு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அட்டையில் இருந்த எண் மட்டும் பிசகவில்லை.

அந்த நாளில்தான் சொந்தக்காரர் ஒருவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "மனசுல எதையோ போட்டுப் புழுங்கினதாலதான் அக்கா இது வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அம்மா கேட்டாள்: "நான் அப்படி என்னடா நெனச்சேன்?"

"2022 இயற்பியல் நோபலே என்டாங்கிள்மென்டுக்குத்தானே" என்று அவர் பக்கம் பேசுகிறவர்கள் கேட்கிறீர்கள். இரண்டு துகள்கள் எவ்வளவு தள்ளி இருந்தாலும் பிணைந்திருப்பதுதான் அது. ஆமாம், ஆஸ்பெ, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் கொடுத்தார்கள். ஒரு துகள் காட்பாடியிலும் இன்னொன்று ஜோலார்பேட்டையிலும் இருந்தாலும் அளவுகள் ஒத்துப்போகும். ஆனால் தனித்தனியே பார்த்தால் இரண்டும் பூவா தலையாதான். ஒத்துப்போனது தெரியவே போன் போட்டுக் கேட்க வேண்டும். அதை வைத்து 'சாப்பிட்டாயா' என்றுகூடச் சேதி அனுப்ப முடியாது. மேடையில் பேசியவர் கேன்சரையே அனுப்புகிறார்.

டேவிட் போம் என்ற இயற்பியலாளர் 1952-இல் நிகழ்தகவுக்கு அடியில் காரணங்களை வைத்தாரே என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டான். நல்ல கேள்வி, இன்னொரு நாள் எழுதுகிறேன். அங்கேயும் உங்கள் எண்ணத்துக்கு வேலை இல்லை.

"மக்களின் நம்பிக்கையைக் கெடுக்காதீர்கள்" என்பவர்களுக்கு: நம்புங்கள், யார் வேண்டாம் என்றது? அம்மாவும் வெள்ளிக்கிழமை தவறாமல் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரைப் பார்த்து வந்தவள்தான். அந்தச் சாமி அவளைக் குற்றவாளி ஆக்கவில்லை.

இன்னொன்று. ஞாயிறன்று முன்வரிசையில் தலையில் துணி கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். 'எண்ணம்தான் காரணம்' என்றதும் குனிந்தவர், நிமிரவே இல்லை. நான் எழுந்தது அதைப் பார்த்துத்தான். வீடியோவில் அது இருக்காது. கேமரா மேடையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது.