ரீங்காரமும் ஒரு சாட்சிதான்

நாட்டுப்புறக் கலைஞர்கள் இருவர் மேடையில் பாடிய பழைய ஒலிநாடா மீண்டும் கிடைத்து வெளியாகியிருப்பதைச் சொல்லும் கட்டுரை ஒன்றைப் படித்தேன்; அது பாடல்களை விரிவாகப் பாராட்டிவிட்டு, நாடாவைப் பற்றி ஒரே வரியோடு நின்றுவிட்டது எனக்குக் குறையாகவே பட்டது.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட் எனும் ஒலிநாடா, நொடிக்கு ஏறத்தாழ 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டியது. பதிவுக் கருவி அதைவிட 6 விழுக்காடு மெதுவாக ஓடியிருந்தால், இன்று சரியான வேகத்தில் ஒலிக்கவிடும்போது சுருதி சுமார் அரைச் சுரம் உயர்ந்து, தாளமும் விரைந்து, பாடியவர்களின் குரல் உள்ளதைவிட இளமையாகக் கேட்கும். பதிவில் மின்கம்பியின் ரீங்காரம் கலந்திருந்தால், அது அந்த நாட்டு மின்வழங்கலுக்கேற்ப 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு அத்தனை அதிர்வுகளில்) நிற்கிறதா என்று பார்த்து வேகத்தைத் திருத்திவிடலாம். நாம் எரிச்சலோடு துடைத்தெறிய நினைக்கும் இரைச்சலே இங்கே அளவுகோல்! துடைப்பதற்கு முன் இதைச் சோதித்தார்களா என்பதைக் கட்டுரையாளர் விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இருவர் பாடும் பதிவில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. முன்பாட்டுக்காரர் மூச்சிழுக்கும் ஓசையைக் கேட்டுப் பின்பாட்டுக்காரர் அடியை எடுப்பதும் உண்டு. மிகையான இரைச்சல் நீக்கம் அந்த மூச்சையும் விழுங்கிவிடலாம். ஒரே ஒலிவாங்கியில் பதிவான குரல்களைக் கணினியால் பிரித்துச் சமன்செய்வதும் இப்போது இயலும் என்றாலும், ஒருவர் சற்றுத் தள்ளி நின்று பாடியது அவர்களே தேர்ந்த இடைவெளியாக இருந்திருக்கலாம் என்பதால், திருத்தாத படியையும் உடன் வெளியிடுவதே முறை.