பைபாஸ் வால்வை மூடினால் கேஸ் மிச்சமா?

பிரிட்டனில் பல வீடுகளில் கேஸ் பாய்லர் சூடாக்கும் தண்ணீரை ஒரு பம்ப் குழாய் வழியே அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்கு (அறையைச் சூடாக்கும் உலோகப் பலகைகள்) அனுப்பும். அங்கே குளிர்காலம் வந்தாலே ஒரு யோசனை சுற்றும்: "பாய்லர் பக்கத்துக் குழாயில் இருக்கும் பைபாஸ் வால்வை இறுக்கி மூடிவிடுங்கள், கேஸ் பில் குறையும்."

தவறு. பாதி உண்மை கலந்த தவறு என்பதால்தான் பலர் நம்பிவிடுகிறார்கள்.

ரேடியேட்டர்களில் உள்ள தெர்மோஸ்டாட் வால்வின் தலைக்குள் மெழுகோ திரவமோ இருக்கும். அறை சூடாக ஆக அது விரிந்து தண்ணீரை அடைக்கும். எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் அடைத்துக்கொண்டால் பம்ப் தள்ளும் தண்ணீர் எங்கே போகும்? அந்த நேரத்தில் தண்ணீரை நேராகப் பாய்லருக்கே திருப்பி வழிவிடத்தான் பைபாஸ். அதையும் மூடினால் பாய்லருக்குள் ஓட்டம் குறையும், குழாய்கள் இரையும், பாய்லர் அதிகச் சூட்டில் தானாக நின்றும் போகலாம்.

சரி, அந்தப் பாதி உண்மை? கையால் திருகும் பழைய வகை பைபாஸ் வால்வு எப்போதும் திறந்தே கிடந்தால், சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே, சூடு குறையாமல் திரும்பி வரும். திரும்பும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் பாய்லர் புகையிலுள்ள வெப்பத்தை நன்றாகப் பிடிக்கும். அதற்கு மருந்து மூடுவதல்ல, அழுத்தம் கூடும்போது மட்டும் திறக்கும் தானியங்கி வால்வு. சில பாய்லர்களுக்குள்ளேயே அது இருக்கும், கையேட்டைப் பாருங்கள்.

அப்புறம், அறைச் சூட்டைப் பார்த்துப் பாய்லரை இயக்கி நிறுத்தும் சுவர் தெர்மோஸ்டாட் உள்ள அறையின் ரேடியேட்டரை முழுக்கத் திறந்தே வையுங்கள்.